ஆறெழுத்து சொல்லி முடிக்கும் வரை

மோட்டாரின் சூட்டைப் பார்க்க எனக்கென்று ஒரு முறை இருந்தது. வலது உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து, வாய்க்குள் ‘ச-ர-வ-ண-ப-வ’ என்று ஆறெழுத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். ஆறும் முடியும் வரை கை தாங்கினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. நாலாவது எழுத்தில் கையை எடுக்க வேண்டி வந்தால் அன்றைக்கு அதன் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். இரண்டாவதிலேயே எடுத்துவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். யாரும் சொல்லித் தந்த முறை இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கருவியைப் பார்த்துப் படிப்பதைவிட முருகன் பேரைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரைக்கு மேற்கே, கோச்சடையைத் தாண்டி ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சர்டிபிகேட் என்று காட்ட என்னிடம் ஒன்றும் கிடையாது. “அவன் கை வச்சுச் சொன்னாச் சரியா இருக்கும்” என்று மில்லில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுதான் எனக்குச் சோறு போட்டது. வில்லாபுரத்தில் வாடகை வீடு. வீட்டில் மனைவியும் மூன்று மாதப் பெண் குழந்தையும்.

நூல் மில்லில் காற்று ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதற்காக நூல் சுற்றும் ஹாலுக்குப் பின்னால், பாதி தரைக்குள் இறங்கினாற்போல் ஓர் அறை உண்டு. உள்ளே வரிசையாகக் குழாய்களிலிருந்து தண்ணீர் தூவிக்கொண்டிருக்கும். ஆள் உயரத்தைவிடப் பெரிய ஒரு ஃபேன் அந்த ஈரக்காற்றை இழுத்து ஹாலுக்குள் தள்ளும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் அங்கே உடம்பு சிலிர்க்கும். சுவரெல்லாம் பாசி. நாம் உள்ளே காலை வைத்ததும் காற்றின் இழுப்பில் கதவு பின்னால் தானாகவே அறைந்து சாத்திக்கொள்ளும். ஃபேன் சத்தத்துக்கு நடுவில் யாரோ நம் முதுகுக்குப் பின்னால் பேசுவதுபோல இருக்கும். திரும்பினால் ஈரச்சுவர்தான் இருக்கும்.

எண்ணெய் விடுகிற ஆயில்மேன் வாடிப்பட்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அந்த அறையின் வாசற்படி வரைக்கும்தான் வருவார்.

“உள்ள ஆளு நிக்குது மாப்ள. நீ போயிட்டு வா. நான் இங்கனயே நின்னு ஒரு பீடி குடிக்கிறேன்.”

“பஞ்சு மில்லுக்குள்ள பீடியா அண்ணே? ஆபீசர் பாத்தா உங்களையும் உள்ள நிக்கிற ஆளுகூடச் சேத்து நிப்பாட்டிருவாரு.”

“நிப்பாட்டட்டும். அதுக்கும் தொணைக்கு ஆளு வேணும்ல?”

முந்தின வருசம் அந்த ஃபேனின் பழைய மோட்டார் சுருள் கருகிவிட்டது. கருகிய புகையை அதே ஃபேன் ஹாலுக்குள் தள்ளிவிட, நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒரு அம்மா மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு வந்த புது மோட்டாரோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. ஆபீசர் எங்களை நிற்கவைத்து விளக்கினார். மோட்டாரின் செப்புச் சுருள்களுக்கு உள்ளே, மிளகு அளவில் மூன்று மணிகளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்குத் தெர்மிஸ்டர் என்று பெயர். சுருள் அளவுக்கு மேல் சூடானால் அந்த மணி தன் வழியாகக் கரண்டைப் போகவிடாமல் முரண்டு பிடிக்கும். அதை உணர்ந்து பெட்டியில் இருக்கிற ரிலே மோட்டாரை நிறுத்திவிடும்.

“அப்ப இனிமே மாப்ள கைக்கு வேலை இல்லையா சார்?” என்றார் ஆயில்மேன்.

“கை மேல்தோலைத்தான் பாக்கும். இது உள்ள இருந்து பாக்கும்” என்றார் ஆபீசர்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவும் இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் அந்த மோட்டாருக்குப் பூசை வைப்பது என் வழக்கம். சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. மோட்டாருக்குப் பின்பக்கம் வட்டமாக ஒரு கம்பி வலை மூடி இருக்கும். அதன் வழியாகத்தான் அது காற்றை இழுத்துத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். வட்டமாக முகம்போல இருந்ததால் நான் மாலையை அங்கேதான் சாத்துவேன். பொட்டு வைத்த பொருளை இடது கையால் தொடக் கூடாது என்பது வீட்டில் வந்த பழக்கம். அதனால் அந்த மோட்டாரை ஒருநாளும் நான் இடது கையால் தொட்டதில்லை.

நாலைந்து மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு மேல், ஃபேன் தானாக நின்றது.

அந்த ஃபேன் நிற்கும்போது சத்தம் ஒரேயடியாக அடங்காது. பெரிய மூச்சு ஒன்று மெல்ல மெல்ல வெளியே போய் முடிகிற மாதிரி இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். காற்று இல்லாததால் கதவு சாத்திக்கொள்ளவில்லை, திறந்தபடியே நின்றது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வலது கையை மோட்டார் முதுகில் வைத்து ஆறெழுத்தையும் சொன்னேன். மறுபடி ஒருமுறை சொன்னேன். அதன்பிறகும் கையை எடுக்கத் தேவைப்படவில்லை. கோயில் தூணைத் தொட்டாற்போல இருந்தது.

ரீசெட் பட்டனை அழுத்தினால் பிடிக்கவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் பிடித்தது. அடுத்த வெள்ளியும் அதே நேரத்தில் அப்படியே நின்றது.

“வெள்ளிக்கெழம உச்சிப் பொழுது சாஞ்சதும் அது கெளம்பும்னு எங்க ஊர்ல சொல்லுவாக” என்றார் ஆயில்மேன். “சூடு இல்லாம ஒரு மோட்டாரு நிக்குதுன்னா யாரோ பிடிச்சு நிப்பாட்டுறாகன்னு அர்த்தம் மாப்ள. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்.”

நான் பேய்க்குப் பயப்படுகிறவன் இல்லை. ஆனால் தெய்வக்குற்றம் என்றால் பயம். பூசையில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று நினைத்து, அடுத்த வாரம் இரட்டிப்பாக மாலை வாங்கிப் போட்டேன். அன்றைக்கு இரண்டு முறை நின்றது. அதற்குப் பிறகு கிழமைக் கணக்கெல்லாம் போய்விட்டது. செவ்வாய் நின்றது, புதன் நின்றது. ஒவ்வொரு தடவையும் கதவு திறந்தபடி கிடக்க, அந்த ஈர இருட்டில் நின்று கை வைத்துப் பார்ப்பேன். குளிர்ந்துதான் இருக்கும். பெட்டியின் திருகு, கம்பி, ஒன்றுவிடாமல் சோதித்தேன். எதிலும் பழுது இல்லை.

அந்த நாட்களில் வீட்டிலும் சில விஷயங்கள் நடந்தன. அப்போது அவற்றை நான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசையும்போது ஆறிப்போன சோறாக இருக்கும். வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடும். “ஆவி பறக்குற சோத்துல அம்புட்டுச் சுளுவாக் கைய விடுறீங்களே, என்ன கையோ” என்று மனைவி சிரிப்பாள். ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது உள்ளங்கையில் பெரிய கொப்புளம் இருந்தது. எப்போது வந்தது என்று நினைவே இல்லை. கம்பளிப்பூச்சி ஊர்ந்திருக்கும் என்று மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டாள். பிறகு ஒரு கார்த்திகை அன்று திருப்பரங்குன்றத்தில் தீபாராதனைத் தட்டு வந்தது. இரண்டு கைகளையும் சுடர்மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இடது கண்ணோரம் சூடு தெரிந்தது, வலது கண்ணோரம் ஒன்றும் தெரியவில்லை. காற்றுக்குச் சுடர் இடப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பிரகாரம் சுற்றப் போய்விட்டேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

“ரிலே சூடுங்குது. நீ இல்லேங்குற. ரெண்டுல ஒண்ணு பொய்யி. எது பொய்யின்னு நீயே சொல்லு. ஹால்ல நூல் அறுந்து விழுந்துக்கிட்டே இருக்கு.”

“என் கை பொய் சொல்லாது சார்.”

“அப்ப ரிலே கெட்டுப்போச்சுன்னு எழுதிருவேன். உன்னைய நம்பித்தான் எழுதுறேன். தப்பாப் போச்சுன்னா உன் வேலையை நான் காப்பாத்த முடியாது.”

“எழுதுங்க சார்.”

புது ரிலே வரும்வரை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் நானாகவேதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மணிகளிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் ரிலேயில் சேரும் இடத்தில், ஒரு விரல் நீளச் செப்புக் கம்பியை வளைத்துக் குறுக்கே போட்டு முடுக்கினேன். இனி உள்ளே என்ன கொதித்தாலும் ரிலேக்கு எல்லாம் குளிர்ச்சியாகவே தெரியும். ‘முருகா, நீதான் பாத்துக்கணும்’ என்று சொல்லிப் பெட்டியைச் சாத்தினேன். ஃபேன் நிற்கவே இல்லை. ஷிப்ட் முடிந்து நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வெள்ளி. எனக்கு மதிய ஷிப்ட். காலையில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாள். மனைவி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கணுக்கால் மேல் கிடத்தியிருந்தாள். கையெல்லாம் எண்ணெயாக இருப்பதால் அவளால் எழுந்திருக்க முடியாது. வெந்நீர் விளாவித் தருவது என் வேலை. அண்டாவிலிருந்து மொண்டு வாளியில் ஊற்றி, பச்சைத்தண்ணீர் கலந்து, வலது கையை விட்டுக் கலக்கினேன். கொஞ்சம் ஆறிவிட்டதுபோல் தெரிந்தது. இன்னும் இரண்டு செம்பு வெந்நீர் விட்டேன்.

“பதமா இருக்கு, ஊத்து.”

என் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் என்னதான் சொன்னாலும் முதல் செம்புத் தண்ணீரைத் தன் முழங்காலுக்குக் கீழே ஊற்றிப் பார்த்த பிறகுதான் குழந்தைமேல் ஊற்றுவாள். அன்றும் அப்படித்தான் ஊற்றினாள்.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. குழந்தையை அப்படியே வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். காலில் தண்ணீர் ஓடிய வழியெல்லாம் சிவந்துகொண்டு வந்தது.

“கொதிக்குதுங்க! பிள்ளைய வேக வைக்கப் பாத்தீகளா? கைய விட்டுத்தானே பாத்தீக?”

வாளியில் மறுபடி வலது கையை விட்டேன். ஆவி என் முகத்தில் அடித்தது. கை மட்டும் பச்சைத்தண்ணீரில் இருப்பதுபோல இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். முழங்கை வரை தோல் சிவந்திருந்தது. அவள் குரல் மாறிவிட்டது.

“வெளிய எடுங்க. எனக்குப் பயமா இருக்கு. வெளிய எடுங்க.”

எடுத்தேன். உடனே அந்த விரல் நீளச் செப்புக் கம்பிதான் நினைவுக்கு வந்தது.

“மில்லுக்குப் போறேன்” என்றேன். அவள் காலுக்கு என்ன போட வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சைக்கிள் வெயிலில் நின்றிருந்தது. ஹேண்டில்பார் உறை எப்போதோ கிழிந்துபோய் வெறும் இரும்புதான். வில்லாபுரத்திலிருந்து மில் வரை இடது கை சுட்டுக்கொண்டே வந்தது. வலது கை நிழலில் போவதுபோல வந்தது. ஒரே உடம்பில் இரண்டு ஆள் உட்கார்ந்து சைக்கிள் மிதிக்கிற மாதிரி இருந்தது. ‘ஹாலில் இந்நேரம் பெண்கள் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். முருகா, புகை மட்டும் கிளம்பியிருக்கக் கூடாது’ என்று அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

புகை கிளம்பவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. பெட்டியைத் திறந்து, திருகைத் தளர்த்தி, அந்தச் செப்புக் கம்பியை உருவினேன்.

உருவிய அந்த நொடியே டக்கென்று ரிலே கரண்டை வெட்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பெரிய மூச்சு மெல்ல அடங்கியது. நேற்று மாலையிலிருந்து எத்தனை நேரமாக அது இதைச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்ததோ தெரியவில்லை.

மோட்டாருக்கு முன்னால் போய் நின்றேன். சுவாமியை நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முதல்முறையாக இடது கையை அதன் முதுகில் வைத்தேன். முதல் எழுத்து வாயை விட்டு வருவதற்குள் கை தானாகப் பறந்து வந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் எரிந்தது. பிறகு அதே இடத்தில் வலது கையை வைத்தேன். ஆறெழுத்தும் சொன்னேன். குளிர்ந்து கிடந்தது.

அந்த அறையில் யாரோ நிற்கிறார்கள் என்று ஆயில்மேன் சொல்வாரே, அது சரிதான். அந்த ஆள் என் தோளிலிருந்துதான் தொங்கிக்கொண்டிருந்தான்.

ஃபேன் நின்றதைக் கேட்டு ஆயில்மேன் வாசலுக்கு வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதுவரை ஒருநாளும் தாண்டாத படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

“என்ன மாப்ள? எதையும் பாத்தியா?”

நான் மோட்டாரின் பின்பக்கம் போய், காய்ந்த மாலையை இழுத்தேன். மாலையோடு ஒரு கனமான படலமும் உரிந்து வந்தது. வாராவாரம் நான் போட்ட செவ்வந்தி இதழ்களை அந்த வலை உள்ளே இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. அதன்மேல் பறக்கிற பஞ்சு ஒட்டி, ஈரத்தில் ஊறி, தோல்போலக் கெட்டியாகி வலை முழுவதையும் அடைத்திருந்தது. குங்குமம் ஊறிச் சிவப்பாக வேறு இருந்தது. அது மூச்சுவிடுகிற முகத்தில் நான் வெள்ளிக்கிழமை தவறாமல் துணி வைத்து அமுக்கியிருக்கிறேன்.

“எங்கய்யா இது சூடில்லாம இருக்குன்ன?” ஆயில்மேன் மோட்டாரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். “ஆத்தாடி! தோசைக்கல்லு மாதிரியில்ல கெடக்கு!”

மாலையை இழுக்க ஊன்றிய என் வலது கை அப்போதும் மோட்டார்மேல்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வாடிப்பட்டிப் பக்கம் கையில் சூடு தெரியாமல் போகிற நோய் வந்தவர்களை அவர் பார்த்திருக்க வேண்டும். இரண்டு அடி பின்னால் போனார். அவ்வளவு நாள் ஓர் அறையைப் பார்த்து அவர் ஒதுங்கிய ஒதுங்கல், அன்று என்னைப் பார்த்து நடந்தது.

செப்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் ஆபீசர் மேசைமேல் வைத்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதையும் மறைக்க விரும்பவில்லை. பூவை எடுத்தாயிற்று, இனி மோட்டார் நிற்காது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு நாளைக்கு இன்னொரு மோட்டாரை நல்லது என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் குழந்தையைத் தூக்க வேண்டும்.

“சார், ரிலே சரி. கைதான் பொய். இந்தக் கம்பியப் போட்டதும் நான்தான்.”

அவர் கம்பியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த காபி டம்ளரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. மத்தத அப்புறம் பேசிக்கலாம்.”

கால் வெந்த மனைவியையும் கூட்டிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத்தண்ணீர். மாற்றி மாற்றி உள்ளங்கையில் வைத்து “இது சூடா, குளிரா?” என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் குளிர் என்றேன். அப்புறம், “எதாவது தெரியுதா?” என்றார். இல்லை என்றேன். கண்ணைத் திறந்தபோது அவர் விரலில் ஒரு துளி பஞ்சு இருந்தது. அதைக் கொண்டு என் கையைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். நாள் முழுக்கப் பஞ்சுக்குள் கிடந்தவனுக்குப் பஞ்சு தொட்டது தெரியவில்லை. முதுகில் காசு அளவுக்கு வெளுத்த தேமல் ஒன்று இருப்பதையும் அவர்தான் காட்டினார்.

தொழுநோய்தான். சீக்கிரமே வந்துவிட்டாய், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் இதோடு நின்றுவிடும், ஆனால் போன உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்து குழந்தையிடம் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே வந்து, என் மடியில் குழந்தையைக் கிடத்தினாள்.

“டாக்டரம்மாட்ட நானும் கேட்டேன். மாத்திர ஆரம்பிச்சாச்சுன்னா தூக்கலாம்னுட்டாக. தூக்குங்க. எனக்குக் கை ஓயுது.”

மில் வேலை போய் ஏழெட்டு மாதம் கழித்து ஆபீசர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். “நீயா வந்து சொன்னதாலதான் கூப்புடுறேன். எந்த மோட்டாரையும் தொடாத. பெட்டி என்ன சொல்லுதோ அத மட்டும் எனக்கு வந்து சொல்லு” என்றார். சரி என்றேன்.

திரும்பிப் போன முதல் வெள்ளிக்கிழமை சந்தனமும் குங்குமமும் மட்டும் வாங்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். மாலை வாங்கவில்லை. கதவு அறைந்து சாத்திக்கொண்டது. மோட்டாரை எட்டி நின்று கும்பிட்டுவிட்டு, ரிலே பெட்டியின் கதவில் பொட்டு வைத்தேன். பின்னால் கதவு முனகியது. ஆயில்மேன் எண்ணெய்க் கேனோடு உள்ளே வந்து நின்றார். அந்த வாரம் முழுக்க என்னோடு தள்ளி நின்றே பேசிக்கொண்டிருந்தவர், அன்றைக்குப் பக்கத்தில் வந்து பெட்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

“என்ன மாப்ள, இடது கையால பொட்டு வைக்கிற? சாமி குத்தமாயிராது?”

“சூடு தெரியிற கை இது ஒண்ணுதான் அண்ணே.”

அவர் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து நெற்றியைக் காட்டினார்.

“சரி, எனக்கும் ஒண்ணு வச்சு விடு.”